நத்தை காட்போட் பெட்டியெல்லாம் திங்குதே, அதுக்கு உண்மையிலயே செமிக்குதா?

லிந்துலைக்காரன்:
வணக்கம் எல்லாருக்கும். வீட்டுக்குப் பின்னால விறகு அடுக்குற கொட்டில்ல ரெண்டு மூணு காட்போட் பெட்டி மழையில நனைஞ்சு ஊறிப்போய் கிடந்துச்சு, எடுத்து வீசலாம்னு தூக்குனா உள்பக்கம் பூரா அந்தப் பெரிய ஆபிரிக்க நத்தைங்க ஒட்டிக்கிட்டு இருக்கு, பெட்டியில பாதியக் காணோம். சும்மா ஓரத்தக் கடிச்சு வைக்கல, மேல் தாளச் சுரண்டி எடுத்துட்டு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு இருக்குற தாளையும் தின்னுருக்கு. அச்சடிச்ச எழுத்து இருக்குற இடத்த மட்டும் அப்படியே விட்டு வச்சிருக்கு. பக்கத்துல கயிறு கயிறா எச்சம், அதுவும் காட்போட் கலர்லயே இருக்கு.

என் கேள்வி இதுதான். மனுசன் பேப்பரத் தின்னா அப்படியே வெளிய வந்துரும். நத்தைக்கு மட்டும் இது செமிக்குதா, இல்ல சும்மா வயித்த ரொப்பிக்குதா? செமிக்குதுன்னா எதால? தேடிப் பார்த்தா ஒரு இடத்துல பக்டீரியாங்குறான், இன்னொரு இடத்துல அதோட சொந்த நொதியம், அதாவது என்சைம்ங்குறான். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாதிராத்திரி_ஏஎல்:
அண்ணே காட்போட்ட விடுங்க, எங்க லயத்துல ஒரு பிள்ளையோட அப்பியாசக் கொப்பியவே தின்னுருச்சு 😂 மறுநாள் பள்ளிக்கூடத்துல சொன்னா யாரும் நம்பல.

மாட்டுக்காரன்:
இதுல என்ன சந்தேகம் தம்பி, பக்டீரியாதான். இலையிலயும் தாள்லயும் இருக்குற நார்ப்பொருளான செலுலோச உடைக்குற வேலைய எந்தப் பெரிய மிருகமும் தானாச் செய்யுறது இல்ல. மாடு திங்குற புல்லையும் மாடு செமிக்கல, அசையூன் இரைப்பைல இருக்குற நுண்ணுயிருங்கதான் நொதிக்க வச்சு கொழுப்பமிலமா மாத்திக் குடுக்குது, மாடு அத உறிஞ்சிக்குது. கறையானுக்கும் இதே கதைதான். நத்தைக்கு மட்டும் தனிச் சட்டமா இருக்கப் போகுது?

ஹட்டன்_டீச்சர்:
மாட்டுக்காரன் அண்ணன் சொல்றதுல பாதி சரி, ஆனா நத்தையோட குடல் மாட்டோட குடல் மாதிரி அமைஞ்சது இல்ல. முதல்ல அது எப்படி இருக்குன்னு பார்த்துட்டு அப்புறம் சண்டை போடுவோம்.

வாயில இருந்து ஆரம்பிக்கிறேன். மேல ஒரு கடினமான தாடை, கீழ வறுகி. கைட்டினால ஆன ஒரு நாடா, அது மேல ஆயிரக்கணக்குல நுண்ணிய பல் வரிசை வரிசையா இருக்கும், முன்னுக்குத் தேய்ஞ்சு போகப் போக பின்னுக்குப் புதுசா வளர்ந்து வந்துக்கிட்டே இருக்கும். ராத்திரி அமைதியா இருக்கும்போது கோவா இலையில நத்தை ஊருற இடத்துல காது வச்சுக் கேளுங்க, கரக் கரக்னு கேக்கும். சுரண்டுன தூள் களம்ங்குற உணவுக்குழாய் வழியா தீனிப்பைக்குப் போகுது. ஆபிரிக்க நத்தைய வெட்டிப் பார்த்தா ஓட்டோட கடைசிச் சுற்றுல பெரிய மெல்லிசான பையா இருக்குறது இதுதான், சுவர் அவ்வளவு மெல்லிசு, உள்ள இருக்குற பழுப்புச் சாறு வெளியவே தெரியும். அதுக்கு மேல ரெண்டு வெள்ளை உமிழ்நீர்ச் சுரப்பி படர்ந்து கிடக்கும், அதுங்க குழாய் வாய்க்குத் திரும்பிப் போகும்.

தீனிப்பைக்கு அடுத்தது இரைப்பை, ஆனா அது ரொம்பச் சின்னது, பேருக்குத்தான் இரைப்பை. அதுல சமிபாட்டுச் சுரப்பியோட குழாய்ங்க வந்து திறக்குது. ஓட்டோட மேல் சுற்றுங்க எல்லாத்தையும் நிறைச்சுக்கிட்டு கடும் பழுப்பு நிறத்துல சுருண்டு கிடக்குதே, அதுதான் சமிபாட்டுச் சுரப்பி. குடல் அந்தச் சுரப்பிக்குள்ளயே ஒரு வளையம் போட்டுட்டு வெளிய வந்து, நேர்குடலா, ஓட்டுக்கு உள்பக்கத் தோலான மென்மூடி ஓரமா ஓடி, சுவாசத் துவாரத்துக்குப் பக்கத்துல முடியுது. முறுக்கம், அதாவது வளரும்போதே உடம்பு முறுகித் திரும்புறது, நடந்த விலங்கு இல்லையா, அதனால குதம் கிட்டத்தட்ட தலைக்குப் பக்கத்துல. இத வகுப்புல சொன்னா பிள்ளைங்க சிரிச்சு முடிக்கவே பத்து நிமிசம் ஆகும்.

இங்க கவனிக்க வேண்டியது சாறு எந்தப் பக்கம் ஓடுதுங்குறது. சுரப்பியில உண்டாகுற நொதியச் சாறு இரைப்பைக்கு வந்து அங்க இருந்து *முன்னுக்கு*, தீனிப்பைக்குப் போகுது. சாப்பாடு அங்க வந்து விழுந்து, கசாயத்துக்கு மூலிகை ஊற வைக்குற மாதிரி அந்தச் சாறுல மணிக்கணக்கா ஊறுது. கரைஞ்ச திரவத்தையும் ரொம்ப நுண்ணிய தூளையும் மட்டும் சுரப்பி குழாய் வழியா உள்ள இழுத்துக்குது, கரையாத சக்கை நேராக் குடலுக்குப் போயிரும். சுரப்பிக்குள்ள இருக்குற கலங்க அந்தத் தூள விழுங்கி கலத்துக்கு உள்ளயே மிச்சச் சமிபாட்ட முடிக்குது. நொதியத்தச் சுரக்குறதும் அதுதான், உறிஞ்சுறதும் அதுதான்.

லிந்துலைக்காரன் கயிறு கயிறா எச்சம்னு எழுதி இருந்தீங்க. உத்துப் பார்த்தா ரெண்டு வகை தெரியும். சக்கை இருக்குற தடிச்ச கயிறு குடல்ல இருந்து வர்றது. அதுக்கு நடுவுல மெல்லிசா, வழவழன்னு, வேற நிறத்துல ஒண்ணு வந்தா அது சுரப்பி கழிச்சுவிட்டது.

பாதிராத்திரி_ஏஎல்:
டீச்சர் எங்க புத்தகத்துல இவ்வளவு இல்லையே 😭

லேப்காரன்:
டீச்சர் அந்தப் பழுப்புச் சாறுன்னு சொன்னதும் எழுதாம இருக்க முடியல. நான் வேலை செஞ்ச ஒரு ஆய்வுகூடத்துல குளிர்சாதனப் பெட்டிக்குள்ள சின்ன போத்தல்ல அது இருக்கும், பழுப்பா, லேசா அழுகின இலை வாசத்தோட. சீமையில திங்குற நத்தை இருக்கே, ஹீலிக்ஸ் பொமேசியா, அதோட சாறு. விலைய இங்க சொன்னா அழுவீங்க. சிறுநீர்ல ஸ்டெரொயிட் ஓமோன் அளக்கணும்னா ஈரல் அதுல ஒட்டி அனுப்புன குளுக்குரோனிக் அமிலத்தையும் சல்பேற்றையும் முதல்ல வெட்டி எடுக்கணும். அந்த ரெண்டையும் வெட்டுற நொதியம், பீற்றா குளுக்குரோனிடேசும் ஏரைல் சல்பற்றேசும், இந்தச் சாறுல சேர்ந்தே இருக்கு. ஈ கோலை பக்டீரியாவுல இருந்து எடுக்குற குளுக்குரோனிடேஸ் இன்னும் சுத்தமானது, ஆனா சல்பேற்ற அது தொடாது. அதே நேரம் நத்தைச் சாறுல மத்த நொதியங்களும் கலந்து இருக்குறதால சில ஸ்டெரொயிடுகள அது வேற ஒண்ணா மாத்தியும் விட்டுரும், அதனாலதான் ஊக்கமருந்துச் சோதனை செய்யுற இடங்கள்ல ஈ கோலைப் பக்கம் போனாங்க.

இந்தச் சாறோட கதை பழசு. 1898 லயே பீடர்மான், மோரிட்ஸ்னு ரெண்டு பேர் ஹீலிக்ஸ் சுரப்பிச் சாறு செலுலோசக் கரைக்குதுன்னு எழுதிட்டாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா ஊத்திப் பார்த்து ஊத்திப் பார்த்து பட்டியல் நீண்டுக்கிட்டே போச்சு. மாப்பொருள உடைக்குற அமிலேஸ், செலுலேஸ், சைலனேஸ், பெக்டினேஸ், கைட்டினேஸ், பாசிக்காளான்ல இருக்குற லைக்கனின உடைக்குறது, பூஞ்சைச் சுவர்ல இருக்குற பீற்றா குளுக்கன உடைக்குறதுன்னு சீனிச் சங்கிலி சம்பந்தப்பட்ட எதக் குடுத்தாலும் வெட்டுது. புரதத்த உடைக்குறதுதான் அந்த அளவுக்கு வலு இல்ல, அந்த வேலை பெரும்பாலும் டீச்சர் சொன்ன மாதிரி கலத்துக்குள்ள நடக்குது. 1957 ல எடி, வில்லியம்சன்னு ரெண்டு பேர் ஈஸ்ட்ங்குற மதுவக் கலத்த இந்தச் சாறுல போட்டு சுவர மட்டும் கரைச்சு, உள்ள இருக்குற உயிருள்ள பகுதிய முழுசா வெளிய எடுத்துக் காட்டுனாங்க. அதுக்கப்புறம் ரொம்ப வருசத்துக்கு மதுவம் வச்சு மரபணு ஆராய்ச்சி செஞ்சவங்க எல்லார் கையிலயும் நத்தைச் சாறு இருந்துச்சு.

இன்னொண்ணு, இந்தச் சாற நல்லாத் தின்ன நத்தையில இருந்து எடுக்க மாட்டாங்க. பட்டினி போட்ட நத்தையில இருந்துதான். தீனிப்பை காலியா இருந்தாலும் சாறு வந்து தேங்கி நிக்கும், சக்கை கலக்காம தெளிவாக் கிடைக்கும்.

மாட்டுக்காரன்:
சாறு கரைக்குதுங்குறத நான் மறுக்கல லேப்காரன். அந்தச் சாறு *யாரோடது*ன்னு கேக்குறேன். தீனிப்பைல மணிக்கணக்கா ஊறுதுன்னு டீச்சரே சொல்றாங்க, ஈரமா, இலைச் சாறோட, வெதுவெதுன்னு இருக்குற பைக்குள்ள பக்டீரியா பெருகாம இருக்குமா? அதுங்க விட்ட செலுலேச நீங்க போத்தல்ல அடைச்சு நத்தை நொதியம்னு லேபல் ஒட்டுறீங்க.

லேப்காரன்:
நல்ல கேள்வி, இதத்தான் 1949 ல ஃபுளோர்க்கின், லோசேன்னு ரெண்டு பேர் கேட்டாங்க. நத்தைக் குடல்ல இருந்து செலுலோசத் தின்னுற பக்டீரியாவப் பிரிச்சு எடுத்து, நத்தைச் செலுலேஸ் பக்டீரியாவுல இருந்து வர்றதுன்னே எழுதுனாங்க. அப்புறம் வந்தவங்க அத மறுத்தாங்க, இது பல வருசம் இழுபட்ட வழக்கு. நொதியத்தப் பார்த்து அது யாரோடதுன்னு சொல்ல முடியாது, மரபணுவப் பார்த்தாத்தான் சொல்லலாம்.

மரபணுவப் பார்க்கத் தொடங்குனதும் நிலைமை மாறிருச்சு. 2003 ல ஜப்பான்ல அபலோன்ங்குற கடல் நத்தையோட செலுலேசச் சுத்தம் பண்ணி, அதுக்கான மரபணு அந்த விலங்கோடதுதான்னு காட்டுனாங்க. அப்பிள் நத்தையிலயும் சொந்தச் செலுலேஸ் இருக்குன்னு வந்துச்சு. நீங்க சொன்ன கறையானுக்கே 1998 ல இது நிரூபிச்சாச்சு அண்ணே, நுண்ணுயிரும் இருக்கு, சொந்த நொதியமும் இருக்கு. பெரிய மிருகம் எதுவும் தானாச் செய்யாதுங்குறது முதுகெலும்பு உள்ளதுக்குச் சரி, நத்தைக்குப் பொருந்தாது.

அதுக்காக பக்டீரியாவத் தூக்கி வீசவும் முடியாது. பிரேசில்ல இதே ஆபிரிக்க நத்தைக்குக் கரும்பு குடுத்து வளர்த்து, தீனிப்பைச் சாறுல இருக்குற டீஎன்ஏ மொத்தத்தையும் வாசிச்சுப் பார்த்தாங்க, 2012 ல வெளிவந்தது. தாவரச் சுவர உடைக்குற பக்டீரிய மரபணு ஏராளமா இருந்துச்சு. ஆக ரெண்டு பேரும் ஒரே பைக்குள்ள வேலை செய்யுறாங்க. ஆனா மாட்டுக்கும் நத்தைக்கும் அடிப்படையில ஒரு வித்தியாசம் இருக்கு. மாட்டுக்குள்ள சீனிய நுண்ணுயிர் தின்னுட்டு மிச்சமா கொழுப்பமிலத்தக் குடுக்குது. நத்தை தன்னோட நொதியத்த வெளிய ஊத்தி, செலுலோச நடுவுல வெட்டி, நுனியில வெட்டி, கடைசியில பீற்றா குளுக்கோசிடேசால குளுக்கோசா ஆக்கி தானே நேரா எடுத்துக்குது, இடையில தரகர் கொஞ்சம் கம்மி.

மாட்டுக்காரன்:
தரகர் கம்மின்னு சொல்லுங்க, இல்லேன்னு சொல்லாதீங்க. அது போதும் எனக்கு.

கெரட்_வெலிமடை:
பிள்ளைங்களா நல்லாப் படிச்சுப் பேசுறீங்க, சந்தோசம். எனக்கு சலாதும் கோவாவும் போகுது, அதப் பத்தி யாராச்சும் பேசுங்க. ஒண்ணு மட்டும் கேக்குறேன். எங்க வீட்டுச் சுவருக்கு வருசா வருசம் தைப்பொங்கலுக்கு முன்ன சுண்ணாம்பு அடிப்போம், அடிச்ச கையோட மழை பெஞ்சா ராத்திரிக்கு சுவர் பூரா நத்தை. மறுநாள் பார்த்தா சுவர்ல கோடு கோடா சுரண்டுன தடம், எச்சம் வெள்ளையா இருக்கு. கெரட் தின்னா எச்சம் ஆரஞ்சுக் கலர், கீரை தின்னா பச்சை, சுண்ணாம்பு தின்னா வெள்ளை, அது எனக்குப் பழகிப்போச்சு. சுண்ணாம்புல என்ன சத்து இருக்குன்னு அதத் திங்குது?

ஹட்டன்_டீச்சர்:
ஐயா, அதுக்கு ஓடு கட்டணும். ஓடு பெரும்பகுதி கல்சியம் காபனேற்று. நம்ம மலை மண்ணு அமில மண், தேயிலைக்குப் பிடிச்சது அதுதான், பிஎச் 4.5 க்கும் 5.5 க்கும் நடுவுல. கவ்வாத்து வெட்டுற சமயத்துல தோட்டத்துல டொலமைட் போடுறாங்களே, அந்த அமிலத்தக் கொஞ்சம் குறைக்கவும் மக்னீசியம் கல்சியம் குடுக்கவும்தான். நத்தைக்கு டொலமைட் போட ஆள் இல்ல, அதனால சுவரு, சீமெந்துக் கட்டு, செத்துப்போன நத்தையோட ஓடு, எலும்புன்னு எங்க கிடைச்சாலும் போய்ச் சுரண்டுது.

இதுவும் அதே சுரப்பியோட சம்பந்தப்பட்ட விசயம்தான். சமிபாட்டுச் சுரப்பியில உறிஞ்சுற கலங்களுக்கு நடுவுல கல்சியக் கலம்னு தனியா ஒரு வகை இருக்கு. கல்சியத்தக் குறுணிக் குறுணியாச் சேர்த்து வச்சிருக்கும். ஓடு உடைஞ்சா அங்க இருந்து எடுத்து ஒட்டும், முட்டை ஓட்டுக்கும் எடுக்கும், உள்ள அமிலம் கூடுனா அதச் சமப்படுத்தவும் உதவும். ஒரு பக்கத்து ஓடு நசுங்கி, கொஞ்ச நாள்ல அந்த இடத்துல வெள்ளையா மெல்லிசா ஒட்டுப் போட்ட நத்தைய நீங்க பார்த்திருப்பீங்க.

அதே சுரப்பிலதான் கட்மியம், செம்பு மாதிரி உலோகமும் தேங்குது. ரோட்டோரத்து மண்ணுல நஞ்சு உலோகம் எவ்வளவுன்னு பார்க்க நத்தைய அளக்குறது இதனாலதான்.

லேப்காரன்:
இதுல ஒண்ணு சேர்க்கணும். லிந்துலைக்காரன் பெட்டிக்கும் அந்தக் கொப்பிக்கும் இது பொருந்தும். இப்ப வர்ற வெள்ளை எழுதுதாள்ல நிறத்துக்கும் வழவழப்புக்கும் கல்சியம் காபனேற்றுத் தூள் கலக்குறாங்க, நிறையில பதினஞ்சு இருபது வீதம்கூட வரும். காட்போட்டுல அந்த வளைஞ்ச தாள ஒட்டுற பசை மாப்பொருள்ல செஞ்சது. ஆக செலுலோஸ், மாப்பொருள், சுண்ணாம்புன்னு மூணும் ஒரே தட்டுல கிடைக்குது. இதுல மாப்பொருள்தான் லேசாச் செமிக்கும், நடுத்தாள முழுசாத் தின்னதுக்கு அந்தப் பசைதான் காரணமா இருக்கும்னு நினைக்கிறேன். எழுத்த விட்டதுக்கு என் ஊகம், மைக்கு மேல மெழுகு மாதிரி பூச்சு இருந்தா தாள் ஊறாது, ஊறாத தாள வறுகியால சுரண்டுறது கஷ்டம்.

லிந்துலைக்காரன்:
அதையும் பார்த்துட்டு வந்துட்டேன். ஒரு பிளாஸ்டிக் பெட்டியில நாலு நத்தையப் போட்டு, ஒரு பக்கம் வெள்ளைத்தாள், இன்னொரு பக்கம் பத்திரிகைத்தாள், ரெண்டையும் நனைச்சு வச்சேன். ரெண்டையும் தின்னுச்சு. ஆனா பத்திரிகைத்தாள் தின்ன எச்சத்தத் தண்ணியில கரைச்சுப் பார்த்தா நார் நாரா சாம்பல் கலர்ல அப்படியே மிதக்குது. வெள்ளைத்தாள் எச்சம் மாவு மாதிரி அடியில தங்கிருச்சு. இது என்னத்துக்கு?

லேப்காரன்:
அருமையான வேலை பண்ணி இருக்கீங்க. பத்திரிகைத்தாள் மரத்த அரைச்சுச் செய்யுறது, மரத்த இறுக்கிப் பிடிச்சிருக்குற லிக்னின் போகாது. எழுதுதாளுக்கு லிக்னின இரசாயனம் போட்டு எடுத்துருவாங்க. நத்தைச் சாறுல அவ்வளவு நொதியம் இருந்தாலும் லிக்னினோட மல்லுக்கட்ட அதால ஏலாது, நார லிக்னின் சுத்திப் பிடிச்சிருந்தா செலுலேஸ் உள்ள போகாது. அடியில தங்குன மாவு பாதி சுண்ணாம்பாத்தான் இருக்கும், அதுல ரெண்டு சொட்டு எலுமிச்சம் சாறு விட்டா நுரைக்கும், பாருங்க. காட்டு நத்தைங்க பச்சை இலைய விட அழுகின இலைய விரும்பித் திங்குறதும் இதே காரணம்தான், பூஞ்சை முன்னாலயே அந்தப் பூட்ட உடைச்சுக் குடுத்துரும், பூஞ்சையும் சேர்த்து வயித்துக்குள்ள போகும்.

பாதிராத்திரி_ஏஎல்:
டீச்சர் இந்தச் சாற வச்சு பள்ளிக்கூடத்துல செய்யுற மாதிரி ஏதாச்சும் பரிசோதனை இருக்கா? செயற்திட்டத்துக்கு இது நல்லா இருக்கும் போல.

ஹட்டன்_டீச்சர்:
இருக்கு, ஆனா கையுறை இல்லாம நத்தையத் தொடக்கூடாதுங்குறத முதல்ல எழுதி வை. எலி நுரையீரல்ல வாழுற ஒரு புழுவோட குடம்பி நத்தை உடம்புல இருக்கும், ஆபிரிக்க நத்தையில அது சாதாரணம். அது மனுச உடம்புக்குள்ள போனா மூளை உறையில அழற்சி வரலாம். வல்லாரை, சலாது எல்லாம் பச்சையாத் திங்குற ஆளுங்க நாம, ஒவ்வொரு இலையா ஓடுற தண்ணியில கழுவணும்.

பரிசோதனை சுலபம்தான். ஆறவச்ச கொதிதண்ணியில நத்தைய முக்கி வச்சா ஓட்டுக்கு வெளிய நீண்ட நிலையில செத்திருக்கும், வெட்டச் சுலபம். வெட்டுறது டீச்சர் பக்கத்துல இருக்கும்போது மட்டும். ஓட்ட விளிம்புல இருந்து துண்டு துண்டா உடைச்சு எடுத்து, தீனிப்பைய ஊசியால குத்தி சாற உறிஞ்சு. மாப்பொருள் கரைசல்ல கொஞ்சம் சாறு விட்டு வச்சு, இடைக்கிடை ஒரு சொட்டு எடுத்து அயடீன்ல போடு. முதல்ல நீலக்கறுப்பு, அப்புறம் கபிலம், அப்புறம் அயடீனோட மஞ்சளே நிக்கும். கொதிக்க வச்ச சாறு போட்ட குழாய்ல நீலம் மாறாது, அதுதான் உன் கட்டுப்பாடு. வடிதாள் துண்டத் தனியா சாறுல ஊற வச்சு சீனி இருக்கான்னு காட்டுற பெனடிக்ட் கரைசல் போட்டுப் பார்க்கலாம், ஆனா சாறுலயே முன்னாலயே சீனி இருக்கும், அதனால தாள் போடாத சாறுக் குழாய் ஒண்ணு பக்கத்துல இல்லாம அதுக்கு மதிப்பு இல்ல. நம்ம பக்கக் குளிர்ல செலுலோஸ் ரொம்ப மெதுவாத்தான் உடையும், பொறுமை வேணும்.

கெரட்_வெலிமடை:
சரி இப்ப என் முறை. குருணை மருந்து போட்டுப் பார்த்தேன், மழை பெஞ்சா செத்த மாதிரி கிடந்தது எழும்பிப் போகுது. உப்புப் போடச் சொல்லி ஒருத்தர் சொன்னாரு. தேயிலைத் தூள் போட்டா வராதுன்னு இன்னொருத்தர். எது உண்மை?

லேப்காரன்:
ஐயா உப்பு வேணாம், நத்தை சாகும், கூடவே மண்ணும் கெட்டுரும். அந்த எழும்பிப் போறதுக்குக் காரணம் இருக்கு. மெற்றல்டிகைட் குருணைன்னா அது நரம்பத் தாக்கும், சளியக் கட்டுப்பாடு இல்லாம வெளிய தள்ள வச்சு உடம்பக் காய வைக்கும். வெயில் அடிச்சா சாகும். நம்ம ஊரு மழையில இழந்த தண்ணியத் தோல் வழியாத் திரும்ப எடுத்துக்கிட்டு தப்பிச்சிரும். நாய் தின்னா வலிப்பு வந்து செத்துப்போகும், அதையும் கவனிங்க.

இரும்பு பொசுபேற்றுக் குருணைன்னு வேற ஒண்ணு இருக்கு. அது வேலை செய்யுறதே இவ்வளவு நேரம் நாம பேசுன இடத்துலதான், தீனிப்பையையும் சமிபாட்டுச் சுரப்பியையும் கெடுத்துரும். தின்ன கொஞ்ச நேரத்துல சாப்பாட்ட நிப்பாட்டிட்டு ஒளிஞ்சுக்கும், ஒளிஞ்ச இடத்துலயே சில நாள்ல சாகும். அதனால பிணம் கண்ணுல படாது, பாத்தியில கடி நிக்குதான்னுதான் பார்க்கணும். தனி இரும்பு பொசுபேற்று அவ்வளவா வேலை செய்யாது, குருணையில அதோட இரும்பக் கரைய வைக்குற வேறொரு சேர்மானமும் இருக்கும், அதனால வீட்டுல கலக்கப் பார்க்காதீங்க.

தேயிலைத் தூள் விசயம் சுத்தப் பொய் இல்ல. 2002 ல ஹவாயில செஞ்ச ஆய்வு ஒண்ணு இருக்கு, கஃபீன் 1 இல இருந்து 2 வீதம் கரைசல் தெளிச்சா நத்தைங்க சாகுது, 0.01 வீதத்துலயே இலையத் திங்குறது குறையுது. நாம குடிக்குற சாயத்துல கஃபீன் 0.02 வீதம் கிட்ட வரும். ஆனா நீங்க கொட்டப் போறது சாயம் வடிச்ச தூள், கஃபீன நீங்க ஏற்கெனவே குடிச்சுட்டீங்க. 2 வீதம் வேணும்னா ஒரு லீட்டருக்கு 20 கிராம் தூய கஃபீன், அது கட்டுப்படியாகாது, மெல்லிய இலையும் கருகும்.

மாட்டுக்காரன்:
ஐயா, ராத்திரி எட்டு மணிக்கு மேல டோர்ச் அடிச்சுப் பொறுக்குறதுதான் உருப்படியான வழி. நனைஞ்ச சாக்க வரப்புல விரிச்சு அடியில பப்பாசித் தோலப் போட்டு வைங்க, விடியக்காலம் தூக்குனா எல்லாம் அங்கதான் இருக்கும். சவர்க்காரத் தண்ணி வாளியில போட்டு ஆழமாப் புதைச்சிருங்க. கையுறையோட.

மரநத்தை_கண்டி:
இவ்வளவு நேரம் வாசிச்சுக்கிட்டு இருந்தேன், ஒண்ணு சொல்லணும். பொறுக்கும்போது எல்லா நத்தையையும் பொறுக்கிராதீங்க. இந்தப் பெரிய ஆபிரிக்க நத்தை நம்ம ஊருது இல்ல. மொரிசியசுல இருந்து 1847 ல கல்கத்தாவுக்கு ஒரு வெள்ளைக்காரர் கொண்டு போய் விட்டாரு, 1900 ல வட்டவளைப் பக்கம் ஒரு துரை இங்க கொண்டு வந்து தன் தோட்டத்துல விட்டாரு. வட்டவளைன்னா நம்ம ஹட்டன் பாதையில இருக்குற அதே வட்டவளைதான். அந்தத் துரை நத்தை ஓடு சேர்க்குற பிரியக்காரர், இப்ப இருந்தா வெலிமடை ஐயாகிட்ட மாட்டி இருப்பாரு.

நம்ம சொந்த நத்தைங்க இருநூறு இனத்துக்கு மேல, அதுல பெரும்பான்மை உலகத்துல வேற எங்கயும் இல்லாதது. அகாவஸ்னு ஒரு மரநத்தைச் சாதி இருக்கு, அழகான ஓடு, இலங்கையில மட்டும்தான். உங்க கோவாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, மரப்பட்டையில படிஞ்ச பாசி, பூஞ்சை, பாசிக்காளான்னு சுரண்டித் தின்னுக்கிட்டு இருக்கும். லேப்காரன் சொன்ன பீற்றா குளுக்கன், கைட்டின் உடைக்குற நொதியமெல்லாம் எதுக்குன்னு அதப் பார்த்தாப் புரியும்.

ஆபிரிக்க நத்தைக்கு எதிரிங்க இங்கயே இருக்கு. செண்பகம் கொத்தித் தின்னும். பெரிய மின்மினியோட புழு இன்னும் பயங்கரம், நத்தையக் கடிச்சு மயக்கி, தன்னோட சமிபாட்டுச் சாற நத்தை உடம்புக்குள்ள விட்டு, கரைஞ்சதக் குடிக்கும். கண்ட கண்ட மருந்தையும் அடிச்சு அதுங்களையும் கொன்னுராதீங்க.

கெரட்_வெலிமடை:
எப்படி தம்பி வித்தியாசம் பிடிக்குறது? டோர்ச் வெளிச்சத்துல எல்லாம் ஒண்ணாத்தானே தெரியுது.

மரநத்தை_கண்டி:
ஆபிரிக்க நத்தை ஓடு நீளமா, கூம்பா, நுனி கூர்மையா இருக்கும், பழுப்புல நீட்டு நீட்டாக் கோடு. சின்னக் குட்டியும் அதே சாயல்தான். அகாவஸ் ஓடு அகலமா, தட்டையா உருண்டு இருக்கும், வாய் விளிம்பு தடிச்சு வெளிப்பக்கம் மடிஞ்சிருக்கும், அனேகமா மரத்துல இருக்கும். முட்டையிலயும் தெரியும். ஆபிரிக்க நத்தை மண்ணுக்குள்ள ஒரே தடவையில நூத்துக்கணக்குல இடும், வெளிர் மஞ்சள், ஒவ்வொண்ணும் 5 மில்லிமீற்றர் அளவு. அகாவஸ் முட்டை அத விடப் பல மடங்கு பெருசு, கொஞ்சம்தான் இருக்கும். மண்ணு கொத்தும்போது சின்ன மஞ்சள் முட்டைக் குவியல் வந்தா நசுக்கிருங்க, ஒரு வாளி நத்தை பொறுக்குறத விட அதுல லாபம் கூட.

கெரட்_வெலிமடை:
சரி. மரத்துல இருக்குறத விட்டுர்றேன். கான்ல இருக்குறத விடமாட்டேன், முட்டையையும் விடமாட்டேன். லேப்காரன் தம்பி, அந்த இரும்புக் குருணைக்கு மழை பிரச்சினை இல்லையா?

லேப்காரன்:
நத்தை அதத் தின்னுட்டா அப்புறம் மழை வந்தாலும் தப்பிக்காது ஐயா, விசம் வயித்துக்குள்ளதான் வேலை செய்யுது. திங்குறதுக்கு முன்ன பெருமழை அடிச்சுக் குருணை ஊதிக் கரைஞ்சு போனா மறுபடி போடணும். அந்தி சாய்ஞ்ச பிறகு, மழை இல்லாத ராத்திரியாப் பார்த்து, செடிக்கு அடியில குவிக்காம அங்க இங்க தூவுங்க.

கெரட்_வெலிமடை:
மழை இல்லாத ராத்திரி இந்த மாசத்துல எங்கப்பா இருக்கு. சாக்கும் பப்பாசித் தோலும்தான் போல.